சபையில பிரஷர் பாக்கச் சொல்றாங்க, ஆனா நான் நர்ஸ் இல்லங்க

கொட்டகலை_பிள்ளை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சிருங்க. யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியாமதான் இங்க போடுறேன்.

எங்களோடது சின்ன சபைங்க. கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவுல ஒரு தோட்டம், மூணு டிவிஷன் ஆளுங்களையும் சேத்தா ஞாயித்துக்கிழம ஒரு எழுவது எம்பது பேர் வருவாங்க. பாதிக்கு மேல கொழுந்து எடுக்குற பொம்பளைங்க, மத்தது வேலையில இருந்து நின்ன வயசானவங்களும், அப்பா அம்மா கொழும்புல வேல செய்றதால பாட்டிகிட்ட வளர்ற புள்ளைங்களும்தான். நான் ஹட்டன்ல ஆறு மாசம் நர்சிங் எய்ட் கோர்ஸ் செஞ்சுட்டு கொழும்புல ஒரு வீட்டுல படுத்த படுக்கையா இருந்த ஒரு அம்மாவ ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டேன், இப்ப வீட்டோடதான் இருக்கேன். என் படிப்பு அவ்வளவுதான். ஆனா சபையில எல்லாரும் என்னைய நர்ஸ கூப்புடுற மாதிரி மிஸ்ஸின்னுதான் கூப்புடுறாங்க, எத்தன தடவ சொன்னாலும் கேக்குறாங்க இல்ல.

போன மாசம் மூணு நாள் உபவாச ஜெபம் வச்சாங்க. ரெண்டாம் நாள் ஒரு பாட்டி, பத்து வருஷமா சீனி வருத்தம் இருக்கவங்க, காலையில ஒண்ணுமே சாப்பிடாம குளிசைய மட்டும் போட்டுட்டு வந்துருக்காங்க. ஏன்னா கிளினிக்ல ஒரு நாளும் குளிசைய விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, சபையில சாப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, பாவம் அவங்க ரெண்டு பேச்சையும் கேட்டுருக்காங்க. பாட்டு படிச்சிக்கிட்டு இருக்கும்போது அவங்களுக்கு வேர்த்து ஊத்துது, எங்க ஊரு குளிர்ல யாருக்குங்க வேர்க்கும்? கை நடுங்குது, கேட்டா என்னமோ சம்பந்தமில்லாம கதைக்கிறாங்க. பக்கத்துல இருந்தவங்க பரிசுத்த ஆவியோட அபிஷேகம்னு நெனச்சு அவங்க தலையில கை வச்சு சத்தமா ஜெபிக்க ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு கொழும்பு அம்மா ஞாபகம் வந்துச்சு, ஓடிப்போயி பாஸ்டர் வீட்டு குசினியில மூணு கரண்டி சீனிய தண்ணியில கலக்கி கொண்டாந்து குடுத்தேன், பாதி சீலையில ஊத்திருச்சு. ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் இருக்கும், பாட்டி முழிச்சுப் பாத்து "ஏன்டி புள்ள என் சீலையெல்லாம் இப்புடி நனைச்சு வச்சிருக்க"ன்னு ஏசுனாங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு.

அதுக்கு அடுத்த ஞாயிறு பாஸ்டர் ஐயா என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம மேடையில சொல்லிட்டாரு, நம்ம சபையில சுகாதார ஊழியம் ஆரம்பிக்கிறோம், தங்கச்சிதான் பொறுப்புன்னு. கட்டார்ல இருக்க ஒரு அண்ணே பிரஷர் மிஷினும் சீனி பாக்குற மிஷினும் அனுப்பிட்டாரு. போன வாரம் ஆராதன முடிஞ்சதும் 23 பேர் வரிசையில நிக்கிறாங்க. ஒரு மாமாவுக்கு 190க்கு 110 காட்டுது, எனக்கு கை கால் ஓடல, அவரு சிரிச்சிக்கிட்டே "மலையேறி வந்தேன்ல புள்ள, அதான்"னுட்டு போயிட்டாரு, ராத்திரி பூரா எனக்கு தூக்கமில்ல. இன்னொரு அக்கா மெதுவா வந்து, எனக்கு ஜெபம் பண்ணியாச்சு, இனி பிரஷர் குளிசைய நிப்பாட்டவான்னு கேக்குறாங்க. நான் என்னத்த சொல்றது?

நர்ஸ் இல்லாத ஆள் இதச் செய்யலாமா, எது வரைக்கும் செய்யலாம், ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு, உபவாசத்துக்கு வர்ற சீனி வருத்தக்காரங்களுக்கு என்ன சொல்லணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஏசினாலும் பரவால்ல.


ஓய்வு_மிஸ்ஸி:

ஏசுறதுக்கு என்ன மகள் இருக்கு. அந்தச் சீனித் தண்ணிய நீங்க குடுக்காம இருந்திருந்தா அன்னைக்கு ஜெபக்கூட்டம் வேற மாதிரி முடிஞ்சிருக்கும். நான் 31 வருஷம் வார்ட்ல நின்னவ, ரிட்டயர் ஆகி இப்ப எங்க சபையில இதே வேலையத்தான் செய்றேன், அதனால தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல அந்த மிஸ்ஸிங்குற பேர நிப்பாட்டுங்க. பதிஞ்ச நர்ஸ் இல்லாதவங்கள அப்புடி கூப்பிட்டா ஆளுங்க நீங்க சொல்றத வைத்தியம்னு எடுத்துக்குவாங்க. அக்கான்னு கூப்பிடட்டும். பாக்குறது, எழுதிக் குடுக்குறது, அனுப்பிவைக்கிறது, கூடப் போறது, இந்த நாலும் உங்களுக்கு. மருந்து குடுக்குறது, மருந்த கூட்டுறது கொறைக்கிறது, இது இந்த வருத்தம்னு பேர் சொல்றது, இதுல எதுவும் உங்களுக்கு வேணாம். மத்தவங்க மிச்சம் வச்ச குளிசைய வாங்கி இன்னொருத்தருக்கு குடுக்குற பழக்கம் நம்ம லயத்து வரிசை வீடுகள்ல நெறையா இருக்கு, அதுக்கு மட்டும் கைய நீட்டிராதீங்க.

பிரஷர் பாக்குறது லேசான வேலன்னு நெனைக்கிறாங்க, தப்பா பாக்குறதுதான் லேசு. அந்த மாமா சொன்னதுல பாதி நியாயம் இருக்கு. படியேறி வந்த ஒடனே பாக்கக் கூடாது, அஞ்சு நிமிஷம் சாஞ்சு ஒக்காரணும், கால் ரெண்டும் தரையில இருக்கணும், காலு மேல கால் போடக்கூடாது, கை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில இருக்கணும், பாக்கும்போது கதைக்கக் கூடாது. தேத்தண்ணி குடிச்சு, பீடி சுருட்டு குடிச்சு அரை மணித்தியாலம் போகணும். அப்புறம் நம்ம ஊருக்குன்னே ஒண்ணு இருக்கு, ஸ்வெட்டர் மேல பட்டிய சுத்துறது! குளிருதுன்னு ஸ்வெட்டர கழட்ட மாட்டாங்க, கைய மடிச்சு மேல தள்ளுவாங்க, அது கைய இறுக்கிக்கிட்டு இருக்கும், அதுக்குக் கீழ பட்டி கட்டினா மிஷின் என்னத்த காட்டும். வெறுங்கையில கட்டுங்க. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாம் தடவையும் பாருங்க. ரெண்டு தடவையும் 140க்கு 90க்கு மேல நின்னா கிளினிக்குக்கு போகச் சொல்லி துண்டு எழுதிக் குடுங்க. 180க்கு மேல, இல்ல கீழ் நம்பர் 110க்கு மேல நின்னா அன்னைக்கே இல்லாட்டி மறுநாளே டாக்டர்கிட்ட போகணும். அதோட நெஞ்சு நோவு, மூச்சு எடுக்க ஏலாம, கண்ணு மங்குறது, வாய் கோணுறது, ஒரு பக்கம் கை கால் வெலங்காம போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் மிஷின வச்சிட்டு 1990 ஆம்புலன்ஸுக்கு அடிங்க, மறுபடி பாத்து நேரத்த போக்க வேணாம்.

சீனி மிஷின் கத வேற. போன வருஷம் ஒரு அம்மாவுக்கு 340 காட்டிச்சு, அவங்க மகன் வெளியில போயி நின்னு அழுறான். எனக்கென்னமோ அவங்க கையப் பாத்தா சந்தேகமா இருந்துச்சு. ஆராதன முடிஞ்சு சாயத்தண்ணி குடுத்திருக்காங்க, நம்ம ஆளுங்க எப்புடி குடிப்பாங்கன்னு தெரியுந்தானே, உள்ளங்கையில சீனிய வச்சு நக்கிக்கிட்டு. அதே கையில குத்தியாச்சு. சவக்காரம் போட்டு சுடுதண்ணியில கழுவி, தொடச்சு, மறுபடி பாத்தா 128. சுடுதண்ணியில கழுவுறதுல இன்னொரு நன்மையும் இருக்கு, வெறச்சுப் போன விரல்ல ரத்தம் வராது. ஜனவரி மாச காலையில மிஷினே வேல செய்யாது, ரொம்ப குளிருன்னு எரர் காட்டும், கொஞ்ச நேரம் உடுப்புக்குள்ள வச்சு சூடாக்கிட்டு பாருங்க. ஸ்ட்ரிப் டப்பிய திறந்து வைக்காதீங்க, நம்ம மூடுபனி ஈரத்துல பழுதாகி கண்டபடி நம்பர் காட்டும். ஊசி ஒரு ஆளுக்கு ஒண்ணு. ஸ்பிரிட்ல தொடச்சு அடுத்தவருக்கு குத்துறத நான் கண்ணால பாத்திருக்கேன், சில வகை மஞ்சள் காமாலை, எச்ஐவி எல்லாம் அதுல பரவும். ஊசி வாங்க காசு இல்லன்னா அந்த வாரம் சீனி பாக்காதீங்க, பிரஷர் மட்டும் பாருங்க.

சாப்பிடாம இருக்கும்போது 126, அதுக்கு மேலன்னா கிளினிக். 70க்கு கீழன்னா நீங்க செஞ்ச அதே மூணு தேக்கரண்டி சீனி, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாத்து, சரியானதும் ரொட்டியோ பிஸ்கட்டோ குடுங்க. மயங்கிட்டாங்கன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, சரிச்சுப் படுக்க வச்சிட்டு 1990.

உபவாசத்துக்கு வர்றவங்க எல்லாருக்கும் ஒரே பதில் கெடையாது. மெட்ஃபோமின் மட்டும் போடுறவங்களுக்கு சீனி அப்புடி விழாது. கிளிக்லசைட், டொல்பியூட்டமைட் போடுறவங்களும் இன்சுலின் அடிக்கிறவங்களும் சாப்பாட்ட விட்டா விழுந்துருவாங்க, அதுலயும் கிட்னி கொறைஞ்ச வயசானவங்களுக்கு மருந்து ஒடம்புல ரொம்ப நேரம் நிக்கும். யாரு எதப் போடுறாங்கன்னு கிளினிக் கொப்பிய பாத்தாதான் தெரியும். அதனால உபவாசம் அறிவிக்கிற வாரமே பாஸ்டர் சொல்லணும், சீனிக் குளிசை போடுறவங்க டாக்டர்கிட்ட கேக்காம சாப்பாட்ட விடாதீங்கன்னு. அத நீங்க சொன்னா "சின்னப் புள்ள என்ன சொல்றது"ம்பாங்க, அவரு சொன்னா கேப்பாங்க.

அந்த அக்காவுக்கு சொல்லுங்க, குளிசையப் போட்டுக்கிட்டே ஜெபிக்கலாம்னு. சுகமாயிருந்தா கிளினிக்ல பிரஷர் எறங்கும், டாக்டரே கொறைப்பாரு.


ஜெபவீரன்:

சிஸ்டர்மார் மன்னிக்கணும். சபைக்குள்ள மிஷின கொண்டுவந்து வச்சா ஜனங்க விசுவாசத்த மிஷின் மேல வச்சுருவாங்க. எங்க காலத்துல எண்ண பூசி ஜெபிச்சாங்க, எழும்பி நடந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு போறவங்க போகட்டும், ஆனா அத ஊழியம்னு சொல்லாதீங்க.


மலைநாட்டு_உபதேசி:

அண்ணே, எசேக்கியா ராசா சாகுற மாதிரி கெடந்து அழுது ஜெபிச்சாரு, தேவன் கேட்டு 15 வருஷம் கூட்டிக் குடுத்தாரு. அந்தச் செய்தியக் கொண்டாந்த ஏசாயாவே அத்திப்பழ அடைய எடுத்து பிளவையில பத்துப்போடச் சொன்னாரு. 2 ராஜாக்கள் 20ல பக்கத்துப் பக்கத்து வசனந்தான். பவுல் கூட்டிக்கிட்டு திரிஞ்ச லூக்கா யாரு, வைத்தியன். எண்ண பூசுறத யாரும் வேணாம்னு சொல்லலயே.

நானும் ஒரு சின்ன சபைய நடத்துறவன்தான், என் தப்ப சொல்றேன். 2019ல ஒரு சகோதரர் சாட்சி சொன்னாரு, குளிசைய தூக்கிப் போட்டேன்னு, நானும் மேடையில இருந்து அல்லேலூயா சொன்னேன். எட்டு மாசத்துல பாரிச வாதம். இன்னும் படுக்கையிலதான் இருக்காரு, வாரம் ஒருக்கா போறேன், அவரு என்னைய ஒண்ணுமே கேக்குறதில்ல. கேட்டுட்டா பரவால்லன்னு இருக்கும்.


பதுளை_மேரி:

நாங்க கத்தோலிக்கம், ஆனா கத ஒண்ணுதான். மருந்து மிஷின் எல்லாத்தையும் மிஸ்ஸி அம்மா சொல்லிட்டாங்க, நான் வேறொண்ணு சொல்றேன் தங்கச்சி. வாய்.

எங்க பக்கம் ஒரு கோயில்ல, எதுன்னு வேணாம், ஒரு பொண்ணுக்கு வலிப்பு வந்துச்சு. நல்ல மனசோடதான் ஒருத்தங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டாங்க, இன்னார் மகளுக்கு காக்கா வலிப்பு, எல்லாரும் ஜெபிச்சுக்கங்கன்னு. 140 பேர் குரூப்பு. கைகூப்புற படம் வரிசையா வருது. மூணாம் நாள் அந்தப் பொண்ணுக்கு பேசி வச்சிருந்த கல்யாணம் நின்னு போச்சு. அந்தக் குடும்பம் இப்ப பூசைக்கே வர்றதில்ல. இதுல யார ஏசுறது, யாரும் கெட்டது நெனைக்கலயே.

லயத்துல ஒரு காம்பராவுல இருமினா அடுத்த காம்பராவுக்கு கேக்கும், அதுக்குள்ள ஒரு ஆள் தன் வருத்தத்த மறைச்சு வைக்கிறதே பெரும்பாடு. நீங்க ஆராதன முடிஞ்ச ஒடனே எல்லாரும் பாக்குற மாதிரி மேசைய போட்டு "மாமா 190!"ன்னு சத்தமா சொன்னா அடுத்த வாரம் உண்மையிலயே வருத்தம் உள்ளவங்க வரிசைக்கு வர மாட்டாங்க, சும்மா பாக்குறவங்கதான் வருவாங்க. பின்னாடி ஒரு ரூம் எடுங்க. நம்பர துண்டுல எழுதி அவங்க கையில குடுங்க. நீங்க ஒரு கொப்பி வச்சா அத பூட்டி வைங்க, பாஸ்டருக்கே ஆனாலும் அவங்கள கேக்காம காட்டாதீங்க. ஜெபக் குறிப்புக்கு குடுக்கணும்னா "பேர் சொல்லலாமா, வருத்தத்த சொல்லலாமா"ன்னு ரெண்டையும் தனித்தனியா கேளுங்க.

எங்க மரியாயின் சேனையில வருத்தக்காரங்கள பாக்க ரெண்டு ரெண்டு பேராத்தான் போவோம், போன வீட்டுக் கதைய வெளியில கதைக்கக் கூடாதுங்கிறது சட்டம். நீங்களும் தனியா போகாதீங்க, ஒரு வயசான அக்காவ கூட்டிக்கிட்டு போங்க. வீட்டுல குடிகாரர் இருந்தாலும் பயமில்ல.

அப்புறம் பொம்பளைங்கள விட்டுறாதீங்க. ஆம்பளைங்க பிரஷருக்கு வரிசையில நிப்பாங்க, பொம்பளைங்க சோத்த எறக்கி வைக்கணும்னு வீட்டுக்கு ஓடிருவாங்க. எம்ஓஎச்ல, அதான் சுகாதார வைத்திய அதிகாரி ஆபீஸ்ல, பொம்பளைங்களுக்குன்னே வெல் வுமன் கிளினிக் இருக்கு, 35 வயசானவங்க போயி கர்ப்பப்பை கழுத்து, மார்பு எல்லாம் சும்மாவே பாத்துக்கலாம், எங்க பக்கம் பாதிப் பேருக்கு அப்புடி ஒண்ணு இருக்கதே தெரியாது. ரத்தம் கொறைவுன்னு இரும்புச்சத்து குளிசை குடுப்பாங்க, அத தேத்தண்ணியோட முழுங்குவாங்க! தேயிலைக்கு நடுவுல பொறந்து வளந்த நமக்கு யாரும் சொல்லித் தரல, தேத்தண்ணி இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாதுன்னு. ஒரு மணித்தியாலம் தள்ளி குடிக்கச் சொல்லுங்க, குளிசைய தேசிக்கா தண்ணியோட போட்டா நல்லது. வெத்தல பொகையில போடுறவங்க வாயையும் பாருங்க, வெள்ளையா செவப்பா திட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு இருந்தா பல்லு டாக்டர்கிட்ட அனுப்புங்க. நோகலன்னு விட்டுருவாங்க, வாய்ப் புத்துநோய் மொதல்ல நோகாமத்தான் வளரும்.


மஸ்கெலியா_லண்டன்:

இங்க இதுக்கு பேரிஷ் நர்ஸ்னு பேரே இருக்கு. 1980கள்ல அமெரிக்காவுல சிக்காகோ பக்கம் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க்னு ஒரு லூத்தரன் போதகர் ஆஸ்பத்திரியும் சபைகளும் சேந்து நர்ஸ வைக்கிற மாதிரி ஆரம்பிச்சாரு, அப்புறம் பல நாட்டுக்கு பரவிருச்சு. நான் வாரத்துல ஒரு நாள் செய்றேன். ஊசி போடுறது, புண்ணு கட்டுறதெல்லாம் இந்த வேலையில இல்ல, அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. விளங்கப்படுத்துறது, காது குடுத்து கேக்குறது, சரியான எடத்துக்கு அனுப்புறது, தொண்டர்கள சேக்குறதுதான் வேல. சத்தியமா சொல்றேன், என் நேரத்துல முக்கால்வாசி கிழடுகளுக்கு ஆஸ்பத்திரி கடுதாசி வாசிச்சு சொல்றதுலதான் போகுது. அதுக்கு கோர்ஸ் தேவையில்ல தங்கச்சி. ஆனா பக்கத்துல ரிட்டயர்ட் நர்ஸ் யாராவது இருந்தா மாசத்துக்கு ஒருக்கா வந்து பாக்கச் சொல்லி கேளுங்க.


ஓட்டோக்கார_தம்பி:

நான் சபைக்கு வாரது கிறிஸ்மஸுக்கு மட்டும், ஆனா இதுல எனக்கும் சொல்ல இருக்கு அக்கா. ஆஸ்பத்திரி ஹயர் நான்தான் ஓடுறேன். துண்டு குடுத்து அனுப்பினா போவாங்கன்னு நெனைக்கிறீங்க, போக மாட்டாங்க. கிளினிக் போனா அன்னைக்கு ஒரு பேர், அதான் ஒரு நாள் சம்பளம் போச்சு, போக வர பஸ் காசு, காலையில அஞ்சு மணிக்கு நம்பர் எடுக்கணும், அங்க போனா சிங்களத்துல கூப்புடுவாங்க, தன் பேரே வெளங்காம ஒக்காந்திருந்து நம்பர் போன ஆளுங்கள நான் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். கூடப் போக ஆள் வேணும். சிங்களம் தெரிஞ்ச வாலிபப் பசங்க சபையில இருப்பாங்கதானே, சும்மா கிட்டார் அடிச்சிக்கிட்டு, அவனுங்கள முறை போட்டு அனுப்புங்க.

1990 காசு இல்ல, தமிழ்லயும் கதைக்கலாம். ஆனா மேல் லயத்துக்கு வண்டி ஏறாது, எந்த டிவிஷன், எந்த கோயில் கிட்ட, எந்த சந்தின்னு சரியா சொல்லிட்டு நோயாளிய ரோட்டுக்கு எறக்கி வைக்கணும். தூக்க நாலு பேர் யாருன்னு முன்னாடியே பேசி வைங்க. போன மழைக்கு நாங்க ஒருத்தர கதிரையில வச்சுத்தான் எறக்கினோம், பாதி வழியில கதிர கால் ஒடஞ்சிருச்சு.


கொட்டகலை_பிள்ளை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பத்து நாள் கழிச்சு எழுதுறேன்.

அந்த 190 மாமா வீட்டுக்கு செவ்வாக்கிழம போனேன், எங்க சித்தியும் கூட வந்தாங்க. இஸ்தோப்புல ஒக்கார வச்சு, ஸ்வெட்டர கழட்டச் சொல்லி (ஒரே சண்ட), அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கச் சொல்லி பாத்தேன். 176க்கு 104, ரெண்டாம் தடவ 178. சரி மாமா குளிசை போடுறீங்களான்னு கேட்டா, போடுறேன் போடுறேன்னு ஒரு சீனி டின்ன எடுத்துட்டு வாராரு, உள்ள கிளினிக் பொட்டலம் ஒரு இருவது இருக்கும். எல்லாத்துலயும் சிங்களத்துல எழுதியிருக்கு. அவரு என்ன செஞ்சிருக்காருன்னா சின்னக் குளிசைய தலவலி வந்தா மட்டும் போடுறது, பெருசா இருக்கத ரெண்டு நேரம் போடுறது, ஏன்னா பெருசு பிரஷருக்கா இருக்கும்னு நெனச்சிருக்காரு. நான் வாசிச்சுப் பாத்தா சின்னதுதான் பிரஷர், காலையும் ராவும். பெருசு கால் நோவுக்கு, நோகும்போது மட்டும் போடச் சொல்லி எழுதியிருக்கு. மிச்சத்த என் வாயால சொல்லல, டின்னோட தூக்கிக்கிட்டு மறுநாள் கிளினிக்குக்கே கூட்டிக்கிட்டு போனேன். டாக்டர் தொரைக்கே சிரிப்பு வந்துருச்சு, அப்புறம் சிரிப்ப நிப்பாட்டிட்டு பெரிய குளிசைய இனி தொடவே கூடாதுன்னுட்டாரு, அந்த நோவுக் குளிசையே பிரஷர ஏத்துமாம், கிட்னியையும் கெடுக்குமாம். ரத்தம் சோதிக்க எழுதிக் குடுத்திருக்காரு. இப்ப பொட்டலத்துல நான் பேனையால சூரியனும் நெலாவும் வரஞ்சு குடுத்திருக்கேன்.

பாஸ்டர் ஐயாகிட்ட இந்தப் பக்கத்த அப்புடியே போன்ல காட்டினேன், உபதேசி ஐயா எழுதுனத ரெண்டு தடவ வாசிச்சாரு, ஒண்ணும் சொல்லல. ஞாயிறு மேடையில சொன்னாரு, அடுத்த உபவாசத்துக்கு குளிசை போடுறவங்க காலைச் சாப்பாடு சாப்பிட்டுட்டு வாங்க, டிவி நாடகத்த விட்டு உபவாசம் இருங்கன்னு. பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒரே முணுமுணுப்பு, சோத்த விடுறதே லேசாம்.

பின்னாடி பாய் அடுக்கி வைக்கிற ரூம் கெடச்சிருக்கு. வாலிபர்ல மூணு பேர் கிளினிக்குக்கு கூடப் போறோம்னு பேர் குடுத்திருக்காங்க, அதுல ஒருத்தன் எல்லாருக்கும் முன்னாடி எழும்புறவன், மத்த ரெண்டு பேரையும் பாத்துதான் சொல்லணும். ஜெபவீரன் ஐயா மாதிரி எங்க சபையிலயும் ஒரு தாத்தா இருக்காரு, மிஷின்கிட்டயே வர மாட்டாரு, ஆனா போன ஞாயிறு அவரு சம்சாரத்த அனுப்பிட்டு கதவுகிட்ட நின்னு என்ன நம்பர்னு கேட்டாரு. பாட்டிய கேக்காம சொல்ல ஏலாதுன்னுட்டேன். கோவிச்சுக்கிட்டாரு.

மிஸ்ஸி அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும், குத்தின ஊசியெல்லாம் எதுல போடுறது? இப்ப ஜாம் போத்தல்ல போட்டு வச்சிருக்கேன்.


ஓய்வு_மிஸ்ஸி:

ஜாம் போத்தல் கண்ணாடி, விழுந்தா ஒடையும் மகள். சலவத் தண்ணி வர்ற தடிச்ச பிளாஸ்டிக் போத்தல் இருக்குல்ல, அதுல போட்டு மூடிய இறுக்கி, முக்கால்வாசி நெறைஞ்சதும் கிளினிக்குக்கு கூடப் போற பையன்கிட்ட குடுத்து விடுங்க. அங்க ஊசிப் பெட்டி இருக்கும், கேட்டா வாங்கிக்குவாங்க. குப்பையில போட்டுறாதீங்க, தோட்டத்துல குப்பை அள்ளுறதும் நம்ம பொம்பளைங்கதான்.

அந்த சூரியன் நெலா வரையிற வேலைய நான் களவெடுத்துக்கிறேன்.